முகத்தில் விழாத மடிப்பு

பெட்ரோலுக்காகக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தையும் தாண்டி வாகனங்கள் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வேன்காரர் வரிசையிலேயே மூன்று நாள் கிடந்தார். கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம்கூடச் செய்துகொண்டார். நான் அவருக்குப் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அது வேறு கதை. அந்த வரிசை தொடங்க ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முந்தித்தான் அவள் எங்கள் கடைக்கு வந்தாள்.

எங்கள் கடை என்றால் என் கடை இல்லை. பழைய பேப்பர், போத்தல் வாங்கும் கடை. முதலாளி மடவளை ஊர் முஸ்லிம் மனிதர். நான் அங்கே கட்டுத் தூக்குவேன், தராசில் போடுவேன், ஈரக் கட்டு எது, காய்ந்த கட்டு எது என்று மோந்து பார்த்துச் சொல்வேன். பள்ளிக்கூடம் போனவனில்லை நான். எழுத்து எனக்குத் தெரியாது. ஐம்பது வருஷம் பேப்பரைச் சுமந்தவனுக்கு அதில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது என்று முதலாளி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

பிளாஸ்டிக் சொப்பின் பைகளுக்குக் கெடுபிடி வந்தபோது கடலைக்காரர்களும் வடைக்காரர்களும் கடதாசிப் பை கேட்டு வந்தார்கள். அதற்காக முதலாளி ஒரு ஆளைத் தேட, அவள் வந்து சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிலுவை. பின்பக்கம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கோதுமை மாப் பசையைக் கிண்டி வைத்துக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டு முதல் தாளை எடுப்பாள். எடுத்த தாளை உடனே மடிக்க மாட்டாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கு ஒரு கிழமை விளங்கவில்லை.

முதலாளியிடம் அவள் வாங்கிய முதல் ஏச்சில்தான் விளங்கியது.

"எனத்த புள்ள இது? கடலக்காரன் ஏசிட்டுப் போறான். ஒரு பைக்கு வாய் அகலம், மத்தப் பைக்கு ஒடுக்கமா ஈக்கிது."

"நேரா மடிச்சா மொகத்துல மடிப்பு விழுது முதலாளி."

"யார்ட மொகத்துல?"

அவள் ஒரு பையை நீட்டினாள். பேப்பரில் நாலு கட்டம் போட்டு வரும் பாருங்கள், சிரிப்புப் படம், அது. அதில் தொப்பி போட்ட ஒரு கட்டை மனிதன் நின்றான்.

"கடதாசி மொகத்துக்கு நோகுமா புள்ள?"

"அதுக்கு நோகாது. பாக்குறவங்களுக்கு நோகும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். கடைசியில், "சரி, ஒன்ட மொகத்தையும் கொஞ்சம் பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர் பெரிதாகச் சத்தம் போட்டதாக எனக்குப் பட்டது. அவள் மெல்லச் சொன்னாள்:

"கோவம் இல்லண்ணே. உள்ள வரும்போது செருப்ப சோடியா கழட்டி வச்சாரு. கோவம் வந்தா ஒன்னு அங்க கெடக்கும், ஒன்னு இங்க கெடக்கும்."

போய்ப் பார்த்தேன். சோடியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு முதலாளியின் செருப்பைப் பார்க்காமல் நான் அவரிடம் முன்பணம் கேட்டதே இல்லை.

அந்தச் சிரிப்புப் படத்துக்கு வருகிறேன். அது இங்கிலிஷ் பேப்பரில் வருவது. குண்டசாலையிலிருந்து ஒரு ஐயா, வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மாதம் ஒருமுறை ஆட்டோவில் பழைய பேப்பர் கொண்டுவருவார். வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்தவை. எங்கள் கடையில் ஒரு கட்டு பிரிந்தால் பிரிந்ததுதான். புதன்கிழமை மேலே வரும், போன வருஷத்துத் திங்கள் அதற்கடியில் வரும். அவளுக்கும் இங்கிலிஷ் தெரியாது. ஆகவே அவள் அந்தக் கதையை, வார்த்தை இல்லாமல், நாளும் கிழமையும் இல்லாமல், கட்டிலிருந்து கைக்கு வந்த வரிசையில் பார்த்தாள். நானும் பிளேன்டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். எழுத்துத் தெரியாத எனக்கு ஒரு பேப்பரை அதன்முன் யாரும் காட்டியதில்லை.

கட்டையர் என்று அவருக்குப் பெயர் வைத்தோம். தொப்பி, நீளக் கோட்டு, இரண்டு கையும் எப்போதும் கோட்டுப் பைக்குள். அவர் மனைவி நெடுநெடுவென்று இருப்பாள். ஒருநாள் அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். அடுத்த தாளில் இருவரும் மேசையில் சாப்பிட்டார்கள். அதற்கடுத்த தாளில் மேசையில் இரண்டு கோப்பை, ஆனால் கட்டையர் மட்டும்.

"போனவ திரும்பி வந்துட்டா அண்ணே. ஆனா மனசு இன்னும் வந்து சேரல."

"ரெண்டு கோப்ப வச்சிருக்காரே?"

"வச்சுத்தான் பாப்பாங்க."

நான் அவர்களுக்காகக் கவலைப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டு, அந்த மனிதன் இன்றைக்கு என்ன சாப்பிட்டானோ என்று யோசித்திருக்கிறேன். எனக்கும் மனைவி போய்ப் பல வருஷம். ஒரே மகள் செல்வி. கொரோனாவில் அவள் வேலை செய்த தையற்கடை மூடியதும், வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போய்விட்டாள். வேண்டாம் என்றேன். "ரெண்டு வருஷம்தானேப்பா," என்றாள். அதனால் எங்கள் வீட்டிலும் ஒரு தட்டுத்தான்.

ஒரு நாள் குண்டசாலை ஐயா நாங்கள் இருவரும் படத்தின்மேல் குனிந்திருப்பதைக் கண்டார். கட்டையர் வெறும் தட்டின்முன் இருக்கிறார். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"என்ன, இவ்வளவு சோகமா பாக்குறீங்க?"

"அந்தம்மா அழுதுங்க ஐயா. அவருக்கும் தெரியும். எந்திரிச்சுப் போக முடியல," என்றாள் அவள்.

ஐயா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வாசிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "இந்தாளு கேக்குறான், இன்னைக்கு என்ன சாப்பாடுன்னு. சூப்புங்கிறா. நேத்தும் சூப்புத்தானேங்கிறான். அதுக்கு அவ சொல்றா, நேத்து மழையில கூரை ஒழுகிச் சட்டி நிறைஞ்சிட்டுது, அதுதான் மிச்சம்னு! ஹ ஹா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப கூரை ஒழுகுதுல்லைங்களா?"

ஐயாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒழுகுதுதான். ஆனா இது சும்மா பகிடிம்மா."

"வாய் பகிடிதான் பேசும். வாய விடுங்க ஐயா, மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சியா? இத கீறினவனுக்குக் கைகூட கீற வராது. அதனாலதான் எல்லாப் படத்துலயும் கையப் பைக்குள்ள போட்டு வச்சிருக்கான்."

"கீற வராம இருக்கலாங்க. ஆனா ஒரு மனுசன் இவ்வளவு நாளும் கைய வெளிய எடுக்கலன்னா, அந்தக் கைக்கு என்னமோ ஆகியிருக்கு."

ஐயா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவர் போகும்போது அவள் கேட்டாள், "அம்மா தவறி ரெண்டு வருஷம் இருக்குங்களா ஐயா?" அவர் ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். எங்களிடம் அவர் வீட்டு விஷயம் ஒன்றும் பேசினவரில்லை. பிறகு அவள் எனக்குக் காட்டினாள். ஐயா கொண்டுவந்த பழைய தாள்களில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் இரண்டு இருக்கும். கடைசி இரண்டு வருஷத்துத் தாள்களில் ஒன்றுதான்; மேலே போட்ட வருஷ எண் மட்டும் அவளுக்கு வாசிக்க வரும்.

இப்படிப் பார்க்கிற ஆளின் பக்கத்தில் இருப்பது சுகமான வேலை இல்லை. ஐயா அதன்பிறகு பேப்பரைக் கொண்டுவந்தால் முன்பக்கமே இறக்கிவிட்டுப் போவார். எனக்கும் சிலநேரம் முகத்தைத் துடைத்துவிட்டு அவள் முன் போகவேண்டும் போலிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முதலாளி கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். அந்த நேரத்தில் நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரிப்போம். செல்விக்கும் வெள்ளிக்கிழமைதான் கொஞ்சம் ஓய்வு. வீடியோவில் வருவாள். போனை எதன்மேலோ சாய்த்து வைத்திருப்பாள். தலையும் கழுத்தும் தெரியும். "நல்லா இருக்கேம்பா. நல்ல வீடுப்பா. நீங்க சாப்டீங்களா?" என்பாள். பெட்டிக்குப் பின்னாலிருந்து, அந்தப் பக்கம் தெரியாத மாதிரி, பை மடிக்கிறவளும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வி போனை வைத்த பிறகு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"அண்ணே, ஒன்னு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லு தங்கச்சி."

"செல்வி கையக் காட்டவே மாட்டேங்குது. மூனு வெள்ளிக்கெழமையா பாக்குறேன். முடி வந்து கண்ணுல விழுது. கையால ஒதுக்கல, ஊதி ஊதி விடுது."

எனக்குள் என்னவோ சுருக்கென்றது. அது கோபமாக வந்தது.

"நல்லா இருக்கேன்னு அது சொன்னது ஒனக்கும் கேட்டுச்சா இல்லையா?"

"வாய் சொல்லுச்சு."

"இங்க பாரு, அது என் புள்ள. பேப்பர் பொம்ம இல்ல. கண்டதையும் பாத்து எனக்குக் கத கட்டாத."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் நான் போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய்விட்டேன். பஸ் சத்தத்தில் பாதி கேட்காது. அவள் பக்கத்தில் இல்லை. ஆனாலும் அவள் சொன்னது என் கண்ணுக்குள் இருந்தது. பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். முடி விழுந்தது. செல்வி ஊதினாள். இன்னொரு தடவை விழுந்தது. தோளில் தேய்த்துத் தள்ளினாள். இரண்டு கையுள்ள பிள்ளை ஏன் தோளில் தேய்க்கிறது?

அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை நானே அவள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, நாளைக்கு நான் கேட்டுடட்டா?"

"கேக்காதீங்கண்ணே. கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லும். போகும்போது நீங்க ஏதும் சாமிப் படம் குடுத்து விட்டீங்களா?"

"முத்துமாரி படம் குடுத்தேன்."

"அத எடுத்துக் காட்டச் சொல்லுங்க. வேற ஒன்னும் கேக்காதீங்க."

மறுநாள் கடைக்குள்ளேயே இருந்து பேசினேன். "கண்ணு, அந்த முத்துமாரி படம் பத்திரமா இருக்கா? ஒருக்கா காட்டும்மா, கும்பிட்டுக்கிறேன்." செல்வி அந்தப் பக்கம் திரும்பி எடுத்துக்கொண்டு வந்தாள். இடக்கை.

எங்கள் வீட்டில் அப்படி இல்லை, தெரியுமா? சாமி படத்தை இடக்கையால் தொட்டால் அவள் அம்மா தலையில் குட்டுவாள். மூன்று வயதிலிருந்து செல்விக்கு அது தெரியும்.

"என்ன கண்ணு, இடது கையில? ரெண்டு கையாலயும் பிடிம்மா."

படம் நடுங்கத் தொடங்கியது. முத்துமாரியின் முகம் போனுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு கீழேயிருந்து வலக்கை மெல்ல வந்தது. கிழிந்த துணி சுற்றியிருந்தது. சாமிக்கு முன்னால் ஒளிக்க முடியாது என்று துணியையும் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன.

"கொதி எண்ணெய்ப்பா. ரெண்டு மாசமாச்சு. மருந்துக்குக் கூட்டிட்டுப் போகல. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு…"

எனக்கு அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஜும்ஆ முடிந்து முதலாளி வந்தபோது நான் பேப்பர்க் கட்டின்மேல் கிடந்தேனாம். அவள்தான் அவருக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"எழும்புங்க," என்றார் முதலாளி. "அந்த ஊர்ல என்ட மச்சான் ஒருத்தன் ஈக்கிறான். இப்பவே போன் கோல் எடுக்கிறன். எனத்துக்கு அழுறீங்க? புள்ள உசிரோட ஈக்கிறா." அன்றைக்கு அவர் குரல் மெதுவாக இருந்தது. செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று தராசுக்கடியிலும் கிடந்தது.

குண்டசாலை ஐயாவுக்கு ஆள் அனுப்பினோம். இங்கிலிஷில் கடிதம் எழுதித் தந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அது ஏழெட்டுக் கிழமை இழுத்தது.

அந்த நாட்களில் ஒருநாள் நான் அவளிடம் கேட்டேன். "ஒனக்கு எப்படித் தங்கச்சி தெரிஞ்சது? பெத்த எனக்குத் தெரியல."

பசை தடவிய விரலைப் பெட்டியில் துடைத்தாள். "நான் நாலு வருசம் பாஷ தெரியாத வீட்டுல வேல செஞ்சவ அண்ணே. செல்வி மாதிரித்தான். அவங்க என்ன சொல்றாங்கன்னு தெரியாது. மூஞ்சியப் பாத்துத்தான் ஓடணும், மூஞ்சியப் பாத்துத்தான் ஒளியணும். எனக்கு அங்க எல்லாருமே வாசிக்கத் தெரியாத பேப்பர்தான்."

"நீ வீட்டுக்குச் சொல்லலியா?"

"நல்லா இருக்கேன்னு சொன்னேன்." கொஞ்ச நேரம் மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தக் காலத்துப் போன்ல மூஞ்சி தெரியாதுல்ல."

அதற்கு மேல் அவள் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. ஒரு பிளேன்டீ வாங்கி வந்து அவள் பெட்டியில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிண்ணே," என்றாள்.

செல்வி வந்து இறங்கியபோது நான் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் கையைத்தான் பிடித்தேன். பிறகு ஆஸ்பத்திரி. விரலைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். சரிவருமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நான் கடைப் பக்கம் போகவில்லை. அதற்குள் ஊரில் காஸ் இல்லை, எண்ணெய் இல்லை, பேப்பர் அச்சடிக்கக் கடதாசியும் இல்லை. பத்திரிகைகள் எல்லாம் மெலிந்துபோயின. கட்டையர் வருகிற பக்கமும் நின்றது.

நான் திரும்பிப் போனபோது மரப்பெட்டி நிமிர்ந்து கிடந்தது. அதற்குள் போத்தல் அடுக்கியிருந்தார்கள்.

"பேப்பரும் இல்ல, பையும் இல்ல," என்றார் முதலாளி. "இரிக்கச் சொன்னேன். சும்மா இரிந்து சம்பளம் வாங்க மாட்டாளாம். கம்பளைப் பக்கம் சொந்தம் ஈக்கிதாம். ஒங்கள்ட்ட ஒன்டு சொல்லச் சொன்னாள். கட்டையர் கைய வெளிய எடுத்தா, அந்தத் தாள எடுத்து வைக்கட்டாம். எனத்த சொல்றாளோ, எனக்கு வெளங்கல்ல."

எனக்கு விளங்கியது. செல்வியின் கையை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

கம்பளைக்கு இரண்டு தடவை போனேன். ஸ்டேஷன் பக்கம், சந்தைப் பக்கம், கோயில் வாசல். கிடைக்கவில்லை.

போன வருஷம் குண்டசாலை ஐயா மிச்சமிருந்த பேப்பரையெல்லாம் கொண்டுவந்து போட்டார். நான் ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன். கட்டு கட்டாக, நாலு நாள். நாலாம் நாள் கிடைத்தது. கட்டையர் வீட்டில் மழை ஒழுகுகிறது. மனைவி நாற்காலியில் தூங்குகிறாள். அவள் தலைக்கு நேரே சொட்டு விழுகிறது. கடைசிக் கட்டத்தில் அவர் வலக்கையைக் கோட்டிலிருந்து எடுத்து, அவள் தலைக்குமேல் நீட்டி, அந்தச் சொட்டைப் பிடிக்கிறார். கை அசிங்கமாகத்தான் இருந்தது. விரல் நாலுதான். அன்றைக்குக் கடைக்கு வந்திருந்த ஐயா கண்ணாடியை எடுத்தார். "கீழ என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கட்டா?" என்றார். "வேண்டாங்க ஐயா," என்றேன். அவரும் கண்ணாடியை மடித்து வைத்துவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார்.

அந்தத் துண்டு என் ஐடென்டிட்டி கார்டோடு உறைக்குள் இருக்கிறது. மடித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. முகத்தில் மடிப்பு விழவில்லை.

நீங்கள் ஊர் ஊராகப் போகிறவர். அவளைப் பெயர் சொல்லித் தேட வேண்டாம். அவள் பெயர் இந்த மலையில் ஆயிரம் பேருக்கு உண்டு. எங்கேயாவது கடலை வாங்கினால் பையைப் பாருங்கள். ஒரு பைக்கு வாய் அகலமாக, இன்னொன்றுக்கு ஒடுக்கமாக இருந்தால், அதிலுள்ள எந்த முகத்திலும் மடிப்பு விழாமல் இருந்தால், இதைச் செய்தது யார் என்று கடைக்காரனிடம் கேளுங்கள். அவளைக் கண்டால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கட்டையர் கையை வெளியே எடுத்துவிட்டார். செல்வி வலக்கையால் ரொட்டி தட்டுகிறாள்; சுண்டுவிரல் மட்டும் இன்னும் நீளவில்லை, மற்றது எல்லாம் நீண்டுவிட்டது.

போனில் சொல்லாதீர்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அவள் முன்னால் அசையாமல் நில்லுங்கள். வாயால் சொன்னதை அவள் நம்ப மாட்டாள். உங்கள் முகத்தை அவள் பார்க்கட்டும்.